புது பிளாஸ்டர், போர் தண்ணீர், சுண்ணாம்புப் படிவு: ஆசிட் அடிக்கலாமா?

கேள்வி (பிப்ரவரி 18)

வேலந்தாவளம் தாண்டி எங்கள் தென்னந்தோப்பில் ஒரு நீச்சல் குளம் கட்டியிருக்கிறோம். 8 மீட்டருக்கு 5 மீட்டர், சுமார் 60,000 லிட்டர். ஒயிட் சிமெண்ட், சலவைக்கல் தூள், நீலப் பொடி கலந்த பூச்சு. பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் பூசி முடித்து போர் தண்ணீர் விட்டோம். இப்போது நீலம் மங்கி சாம்பல் பூத்தாற்போல் இருக்கிறது. கை வைத்தால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கிறது, பிள்ளைகளுக்கு முட்டி தேய்ந்து போகிறது. மேஸ்திரி தண்ணீரை இறைத்துவிட்டு ஆசிட் அடித்துக் கழுவினால் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார். கேனும் வந்து இறங்கிவிட்டது. அடிக்கலாமா?

பிப்ரவரி 18, இரவு

அடிக்காதீர்கள். கேனைத் திருப்பி அனுப்ப வேண்டாம், அது வேறு வழியில் வேண்டியிருக்கும். ஆனால் சுவரில் அடிக்காதீர்கள்.

ஆசிட்டுக்கு மேலே படிந்த சுண்ணாம்பு எது, உங்கள் பூச்சு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. படிவு கால்சியம் கார்பனேட். பூச்சில் இருக்கும் சலவைக்கல் தூளும் அதே கால்சியம் கார்பனேட்தான். சிமெண்ட் அதைவிடச் சீக்கிரம் கரையும். ஒரு மாதப் பூச்சின் மேல்தோல் இன்னும் இறுகிக்கொண்டிருக்கிறது. அதை இப்போது எரித்து எடுத்தால் உள்ளே இருக்கும் கல் குறுணை வெளியே துருத்தும், அந்தச் சொரசொரப்பு பூச்சின் ஆயுசு முழுக்கப் போகாது, பாசியும் அதில்தான் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் மேஸ்திரியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: கழுவி முடித்ததும் எந்தத் தண்ணீரை நிரப்புவார்? அதே போர்தானே? 60,000 லிட்டர் புது உப்புத்தண்ணி, அதாவது புதுச் சுண்ணாம்பு. சித்திரைக்குள் மறுபடி இதே கேள்வியோடு வருவீர்கள்.

நான் பொள்ளாச்சி, கோபாலபுரம், மீனாட்சிபுரம் சுற்றிப் பூல் பராமரிப்பு பார்க்கிறவன். தமிழ்நாடு, கேரள எல்லைக்கு இரண்டு பக்கமும் இதே கதைதான்.

முதலில் மூன்று விஷயம் சொல்லுங்கள்: பிஎச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்), மொத்த காரத்தன்மை (ஆசிட்டை எதிர்த்து நிற்கும் பைகார்பனேட் மாதிரி உப்புகளின் அளவு), கால்சியம். குளத்துக்குத் தனியாக, போருக்குத் தனியாக.

பிப்ரவரி 19

படிவுதானா என்று பார்க்க ஆசிட் சொட்டு விட்டுப் பார், நுரைத்தால் சுண்ணாம்பு என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். சரிதான், ஆனால் பூச்சின் மேல் விடாதீர்கள். மேலே சொன்னேனே, பூச்சும் நுரைக்கும், ஒன்றும் தெரியாது, ஒரு புள்ளி அரித்ததுதான் மிச்சம். தண்ணீர் மட்டத்தில் டைல்ஸ் ஓரம் இருக்கும் வெள்ளைக் கோட்டிலிருந்து பிளேடால் ஒரு செதில் சுரண்டி, கண்ணாடித் தட்டில் வைத்து அதன்மேல் ஒரு சொட்டு விடுங்கள். புஸ்ஸென்று பொங்கினால் கார்பனேட். ஒன்றுமே ஆகாமல் இருந்தால் வேறு உப்பு, அதற்கு வைத்தியம் வேறு.

இன்னொன்றும் பாருங்கள். சொரசொரப்பு சுவர், தரை, படி எல்லா இடத்திலும் ஒரே மாதிரியா? இல்லை, அங்கங்கே குமிழ் குமிழாக முடிச்சா? எல்லா இடத்திலும் என்றால் தண்ணீரிலிருந்து வந்தது. முடிச்சு முடிச்சாக, ஒவ்வொரு முடிச்சுக்கு நடுவிலும் ஊசித்துளை மாதிரி இருந்தால், பூச்சு அடியில் ஒட்டாமல் உள்ளே பொந்தாக நிற்கும் இடத்திலிருந்து சுண்ணாம்புத் தண்ணீர் கசிகிறது என்று அர்த்தம். அது பூசினவர் கணக்கு, தண்ணீர் மேல் பழி போடக் கூடாது.

பிப்ரவரி 19, கொஞ்சம் கழித்து

படம் பார்த்தேன். ஆழமான பக்கம் மேகம் மேகமாகக் கருநீலமாகத் தெரிவது கறையும் இல்லை, படிவும் இல்லை. நிறம் போட்ட சிமெண்ட் பூச்சு ஈரத்தில் இறுகும்போது அப்படித்தான் திட்டுத்திட்டாக நிற்கும், சில மாதத்தில் பாதி அடங்கும், மீதி அப்படியே இருக்கும். நீல நிறம் என்றால் இதையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். நான் உப்புத்தண்ணி ஊரில் யார் கேட்டாலும் வெள்ளையே போடுங்கள் என்பேன். வெள்ளையில் படிவு கைக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது.

பிப்ரவரி 21

டிடிஎஸ் பேனா காட்டுவது 1180 என்கிறீர்கள். அந்தப் பேனாவால் இந்த வேலைக்கு அதிகப் பிரயோஜனம் இல்லை. கரைந்திருக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு எண் காட்டும், அதில் சமையல் உப்பு எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு என்று காட்டாது. லேபுக்குக் கொடுங்கள், இல்லை சொட்டு விட்டு எண்ணும் டெஸ்ட் கிட் வாங்குங்கள்.

லேப் ரிப்போர்ட்டில் ஒரு பொறி இருக்கிறது. 'கால்சியம்' என்று ஒரு வரி இருக்கும், 'மொத்த கடினத்தன்மை' என்று இன்னொரு வரி. நமக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. மொத்தத்தில் மெக்னீசியமும் சேர்ந்திருக்கும், அது வேண்டாம். கால்சியம் வரியில் தனிக் கால்சியம் மட்டும் இருக்கும், அதை 2.5ஆல் பெருக்கினால்தான் பூல்காரர்கள் பேசும் கால்சியம் கடினத்தன்மை வரும். 160 என்று பார்த்துவிட்டு, அட கம்மியாகத்தானே இருக்கு என்று விட்டவர்கள் உண்டு. அது 400.

பிப்ரவரி 26

ரிப்போர்ட் வந்துவிட்டது, நன்றி. மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

குளம்: பிஎச் 8.2, காரத்தன்மை 300, கால்சியம் 160 (பெருக்கினால் 400). போர்: காரத்தன்மை 380, கால்சியம் 200 (பெருக்கினால் 500).

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500 காரத்தன்மைக்கு 200 வரை நல்லது, வேறு வழி இல்லாவிட்டால் 600 வரை போகலாம் என்கிறது. ஆக இது குடிக்கிற தண்ணீராக இந்த ஊருக்கு ஒன்றும் அதிசயம் இல்லை. குளத்துக்குத்தான் பிரச்சினை.

போரில் 500, குளத்தில் 400. வித்தியாசம் 100 எங்கே போச்சு? 60,000 லிட்டரில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் என்றால் 6 கிலோ. அந்த 6 கிலோதான் உங்கள் சுவரிலும் தரையிலும் ஃபில்டரிலும் உட்கார்ந்திருக்கிறது. அதோடு பூச்சிலிருந்து வந்ததும் சேரும். சிமெண்ட் இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றின சுண்ணாம்பு, வெளியே வரும். முதல் 28 நாளில் அதிகம், அப்புறமும் கொஞ்சம் கொஞ்சமாக. அது தண்ணீரில் கலந்து பிஎச்சை ஏற்றும், பிஎச் ஏறினதும் தண்ணீரில் கரைந்திருந்த பைகார்பனேட் கார்பனேட்டாக மாறும், அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு கீழே விழும். புதுக் குளத்தில் முதல் வாரம் மாவு மாதிரி பறக்குமே, அதுதான் இது. அந்த மாவைத் தினம் இரண்டு வேளை நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் கிளப்பி ஃபில்டருக்கு அனுப்பியிருந்தால் பாதி போயிருக்கும். தேய்க்காமல் விட்டால் அங்கேயே உட்கார்ந்து கல்லாகிவிடும்.

பூச்சு முடிந்த கையோடு யாரும் உங்களுக்கு இதைச் சொல்லவில்லை என்பதுதான் எனக்குக் கோபம். பூசுகிறவர் பூசிவிட்டுப் போய்விடுகிறார், மோட்டார்காரர் மோட்டாரை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார், நடுவில் இருக்கும் அந்த ஒரு மாதம் யாருடைய வேலையும் இல்லை.

பிப்ரவரி 26, இரவு

கணக்கு கேட்டவருக்கு. லாங்கலியர் குறியீடு என்று ஒன்று இருக்கிறது. தண்ணீர் சுண்ணாம்பைப் படிய வைக்குமா, கரைக்குமா என்று சொல்லும் எண்: பூஜ்யத்துக்கு மேலே போனால் படியும், கீழே போனால் கரைக்கும். கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்ஃபிரட் லாங்கலியர் 1936இல் ஊர்க் குடிநீர்க் குழாய்களுக்காகப் போட்ட கணக்கு. குழாய்க்குள் மெல்லிய சுண்ணாம்புப் படலம் இருந்தால் துரு பிடிக்காது, அதற்குத் தண்ணீரை எப்படி வைப்பது என்பது அவர் கேள்வி. பூல்காரர்கள் பின்னால் எடுத்துக்கொண்டார்கள்.

பிஎச்சோடு வெப்பத்துக்கு ஒரு எண், கால்சியத்துக்கு ஒரு எண், காரத்தன்மைக்கு ஒரு எண் கூட்டி 12.1 கழிக்க வேண்டும், டிடிஎஸ் 1000க்கு மேல் என்றால் 12.2. உங்களுக்கு: 8.2, 30 டிகிரி தண்ணீருக்கு 0.7, கால்சியம் 400க்கு 2.2, காரத்தன்மை 300க்கு 2.5. மொத்தம் 13.6. உங்கள் டிடிஎஸ் 1180, அதனால் 12.2 கழித்தால் 1.4. பூஜ்யத்தை ஒட்டி, கூட்டிக் குறைத்து 0.3க்குள் இருக்க வேண்டியது. 1.4 என்பது வெந்நீர் அண்டா கணக்கு.

இப்போது பிஎச்சை 7.2க்கும் காரத்தன்மையை 80க்கும் கொண்டுவாருங்கள். 7.2, 0.7, 2.2, 1.9. கூட்டினால் 12.0, கழித்தால் மைனஸ் 0.2. கால்சியத்தில் கை வைக்கவே இல்லை பாருங்கள். 400 அப்படியே இருக்கிறது. அதே தண்ணீர் இப்போது படிவதற்குப் பதில் கரைக்க ஆரம்பிக்கும், மெதுவாக, எல்லா இடத்திலும் சமமாக, யாரும் பிரஷ்ஷும் ஆசிட்டுமாகக் குளத்துக்குள் இறங்காமல்.

நான் சொல்ல வந்தது முழுக்க இதுதான். சுவரை விடுங்கள், தண்ணீரைப் பாருங்கள்.

பிப்ரவரி 27

எவ்வளவு ஆசிட் என்று கேட்டிருக்கிறீர்கள். கடையில் வரும் ஹைட்ரோகுளோரிக் 32 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 10,000 லிட்டருக்கு 200 மில்லி ஊற்றினால் காரத்தன்மை 10 இறங்கும். உங்கள் குளத்துக்கு 10 இறக்க 1.2 லிட்டர். 300இலிருந்து 80க்கு வர 26 லிட்டர் சொச்சம். ஒரே நாளில் இல்லை!

ஒரு தடவைக்கு 3 லிட்டருக்கு மேல் போகாதீர்கள். ஊற்றினதும் பிஎச் 7.4 பக்கம் இறங்கும், தண்ணீருக்குள் கரியமில வாயு நிறைந்திருக்கும். அந்த வாயு வெளியேறினால் பிஎச் தானாக ஏறும், காரத்தன்மை மட்டும் இறங்கினது இறங்கினதுதான். வாயுவைச் சீக்கிரம் வெளியேற்ற, தண்ணீர் வரும் வாய்களை மேல்நோக்கித் திருப்பி மேற்பரப்பைக் கொதிக்கிற மாதிரி கலக்க விடுங்கள். அருவி வைத்திருந்தால் ஓட விடுங்கள். பிஎச் மறுபடி 8 பக்கம் வந்ததும் அடுத்த 3 லிட்டர். எந்த நேரத்திலும் பிஎச் 7.2க்குக் கீழே போகக் கூடாது.

ஊற்றுவது எப்படி: சாயங்காலம், பிள்ளைகள் ஏறின பிறகு, மோட்டார் ஓடும்போது. பிளாஸ்டிக் வாளியில் முதலில் குளத்துத் தண்ணீர், அதன்மேல் ஆசிட். மாற்றிச் செய்தால் முகத்தில் தெறிக்கும். கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, காற்றுக்கு முதுகு காட்டி, ஆழமான பக்கம் ஓரமாக நடந்துகொண்டே சுற்றி ஊற்றுங்கள். ஒரே இடத்தில் நிற்காதீர்கள். ஆசிட் தண்ணீரைவிடக் கனம், நேராகக் கீழே போய்ப் படுத்துக்கொள்ளும்.

ஆனைமலைப் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியில் வாட்ச்மேன் படிக்கட்டு ஓரம் நின்றே கேனைச் சாய்த்திருக்கிறார். மூன்று படியிலும் ஆசிட் ஓடின வழி வளைந்து வளைந்து வெள்ளைக் கோடாக விழுந்திருந்தது. விரலால் தடவினால் கோட்டுக்கு இரண்டு பக்கமும் வழவழ, கோட்டில் மட்டும் கல் குறுணை நறநறவென்று தட்டும். அந்தப் படியைக் கொத்திவிட்டுத்தான் மறுபடி பூசினார்கள்.

அப்புறம் ஆசிட் கேனும் குளோரின் கேனும் ஒரே ரூமில் வைக்காதீர்கள், அதிலும் ஒரே நிறக் கேனில் வைக்கவே வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு. மோட்டார் ரூம் சின்னது, ஓடி வெளியே வர நேரம் இருக்காது.

மார்ச் 3

பிளீச்சிங் பவுடரா போடுகிறீர்கள்? இதை முதல் நாளே கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். பஞ்சாயத்தில் கிணற்றுக்குப் போடுகிறார்கள், அதனால் தோப்புக்காரரும் அதையே வாங்கிப் போடுகிறார், புரிகிறது. கிணற்றுக்குச் சரி. பிளீச்சிங் பவுடர் என்பதே சுண்ணாம்பில் குளோரினை ஏற்றி எடுத்த பொடி. வாளியில் கரைத்து வைத்தால் அடியில் வெள்ளையாகத் தங்குமே, அதுதான் சுண்ணாம்பு. சுண்ணாம்பு படிகிறது என்று அழுதுகொண்டே தினம் ஒரு கிண்ணம் சுண்ணாம்பு போடுகிறீர்கள்.

இப்போதைக்கு டிசிசிஏ என்கிற குளோரின் மாத்திரை போடுங்கள், அது அமிலத் தன்மை, உங்கள் பிஎச்சுக்கும் உதவும். மாத்திரையைப் பூச்சின் மேல் நேராகப் போடாதீர்கள், மிதவையில் வையுங்கள், நீலப் பூச்சில் வட்டமாக வெளுத்துவிடும். வருஷம் முழுக்க இதுவே போடலாமா என்றால் அது வேறு பேச்சு, பின்னால் வருகிறேன்.

மார்ச் 4

சாஃப்ட்னர் (தண்ணீரிலிருந்து கால்சியத்தைப் பிடித்து எடுக்கும் கருவி) வைத்து நிரப்பியிருக்கலாமே என்று பாலக்காட்டு நண்பர் ஒருவர். கணக்குப் பார்ப்போம். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வீதம் 60,000 லிட்டரில் 30 கிலோ. வீட்டுக்கு வைக்கும் 25 லிட்டர் ரெசின் சாஃப்ட்னர் ஒரு தடவை உப்பு ஏற்றினால் ஒன்றே கால், ஒன்றரைக் கிலோ பிடிக்கும். இருபது தடவைக்கு மேல் உப்பு ஏற்ற வேண்டும். அது முடிந்தாலும் கால்சியம்தான் போகும், காரத்தன்மை 380 அப்படியே நிற்கும். கால்சியமே இல்லாத தண்ணீரைப் புதுப் பூச்சில் நிரப்பினால் அது பூச்சிலிருந்து சுண்ணாம்பை உறிஞ்சும். முழுக்க நிரப்ப வேண்டாம் என்பேன். தினம் குறைவதை ஈடுகட்ட வைத்தால் நல்லதுதான், அதற்கு வருகிறேன்.

ஆழியாற்றுத் தண்ணீர் மலைத் தண்ணீர், கடினம் குறைவு, அதை லாரியில் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்கள். ஐயா, மணக்கடவில் கேரளாவுக்கு வருஷத்துக்கு 7.25 டிஎம்சி என்று ஒப்பந்தம் போட்டு, ஒவ்வொரு வருஷமும் பாலக்காட்டுச் சித்தூர் விவசாயிகளும் நம்ம பக்கத்துக்காரர்களும் அந்தக் கணக்குக்குச் சண்டை போடுகிறார்கள். நீச்சல் குளத்துக்கு என்று கேட்டால் இரண்டு பக்கமும் சேர்ந்து அடிப்பார்கள். லாரித் தண்ணீர் வாங்கினால் எந்தக் கிணறு என்று கேளுங்கள், இறக்குவதற்கு முன் ஒரு பாட்டில் எடுத்துச் சோதியுங்கள். 'நல்ல தண்ணி' என்று சொல்வதெல்லாம் நல்ல தண்ணி இல்லை.

மார்ச் 15

காரத்தன்மை 190க்கு வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், சுவரில் ஒரு மாற்றமும் இல்லை என்றும். இருக்காது. குறியீடு இன்னும் பூஜ்யத்துக்கு மேலேதான் நிற்கிறது. இப்போதைக்குப் புதிதாகப் படிவது குறைந்திருக்கும், அவ்வளவுதான். பொறுங்கள்.

சுவரை அண்டர்வாட்டரில் தேய்த்து எடுக்கிற ஆள் இருக்கிறார், வைர பேடு போட்டுத் தேய்ப்பாராம். முடிச்சு முடிச்சாக இருந்தால் அது நல்ல வழி. உங்களுக்கு முழுக்கப் பரவியிருப்பதால் வேண்டாம். படியில் மட்டும், பிள்ளைகள் கால் வைக்கும் இடத்தில், 400 நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீருக்குள்ளேயே லேசாகத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 16

'ஸ்கேல் ரிமூவர்' என்று பாட்டிலில் விற்கிறார்களே என்று கேட்டவருக்கு: பெரும்பாலும் பாஸ்போனேட். கால்சியத்தைப் படியவிடாமல் தண்ணீரிலேயே பிடித்து வைக்கும், பழைய படிவையும் கொஞ்சம் இளக்கும். குளோரின் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துப் பாஸ்பேட் ஆக்கிவிடும், அப்புறம் பாசிக்குக் கொண்டாட்டம். மாதா மாதம் வாங்க வேண்டும். பிஎச்சை ஒழுங்காக வைத்தாலே நடக்கிற காரியத்துக்கு மாதச் சந்தா கட்ட எனக்கு மனசில்லை. கட்டுகிறவர்கள் கட்டலாம், தப்பில்லை.

ஏப்ரல் 2

இந்த வெயிலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்கள் தோப்பு வழியாகத்தான் போகிறது. 40 சதுர மீட்டர் தண்ணீர்ப்பரப்பில் நாளைக்கு 6 மி.மீ. ஆவியானால் 240 லிட்டர். ஆவியாவது வெறும் தண்ணீர், சுண்ணாம்பு குளத்திலேயே தங்கிவிடும். அந்த 240 லிட்டரை போரிலிருந்து விட்டால் 120 கிராம் புதுச் சுண்ணாம்பு. மாதத்துக்கு மூன்றரைக் கிலோவுக்கு மேல். ஆசிட்டால் நீங்கள் கரைத்தெடுப்பதை போர் பின்வாசல் வழியாகத் திருப்பிக் கொண்டுவந்து வைக்கிறது.

அதனால்தான் சாஃப்ட்னரை முழுக்கத் தள்ளிவிடவில்லை. நாளைக்கு 240 லிட்டருக்கு அது தாராளமாகப் போதும். அதைவிட மலிவு, ராத்திரி குளத்தை மூடி வைப்பது. பூல் கவர் வாங்க வேண்டியதில்லை, கனமான தார்ப்பாய் போதும், ஆனால் பிள்ளைகள் நடமாடும் இடம் என்றால் தளர்வாகப் போடாதீர்கள், மேலே கால் வைத்தால் உள்ளே சுருட்டிக்கொள்ளும். முழுதாக இழுத்துக் கட்ட முடிந்தால் மட்டும் போடுங்கள்.

ஏப்ரல் 20

குளம்: பிஎச் 7.3, காரத்தன்மை 80, கால்சியம் 430 (பெருக்கின கணக்கு). கால்சியம் ஏறியிருக்கிறதே என்று பயந்திருக்கிறீர்கள். எனக்குச் சந்தோஷம். போர் தண்ணீர் விட்டதும் கொஞ்சம், ஆனால் இப்போது சாஃப்ட்னர் தண்ணீர்தானே விடுகிறீர்கள்? அப்போது மீதி எங்கிருந்து வந்தது? சுவரிலிருந்து. படிவு கரைகிறது. பிஎச்சும் காரத்தன்மையும் தானாக மேலே மேலே ஏறப் பார்க்கும், அதுவும் அதே காரணம்தான். ஏற ஏற ஆசிட்டால் இறக்குங்கள், ஒரு லிட்டர் ஒன்றரை லிட்டராக.

பிப்ரவரியில் போட்ட கணக்கில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டிசிசிஏ போடுவதால் சயனூரிக் ஆசிட் (மாத்திரை கரைந்த பிறகு தண்ணீரில் தங்கிவிடும் பொருள்) சேரும், 1 பிபிஎம் குளோரினுக்கு 0.6 வீதம். அதுவும் காரத்தன்மை டெஸ்டில் தலைகாட்டும். சயனூரிக்கில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுத்தான் குறியீட்டில் போட வேண்டும். 60 சயனூரிக் இருந்தால் உங்கள் 80 உண்மையில் 60. குறியீடு மைனஸ் 0.2 பக்கம் நிற்கும்வரை சரி, மைனஸ் 0.5க்கு விட்டுவிடாதீர்கள், படிவு தீர்ந்த இடத்தில் பூச்சைத் தின்ன ஆரம்பிக்கும்.

மே 9

எருத்தேம்பதிக்காரர் ஒருவர், தன் குளமும் நீலம்தான், போரும் உப்புதான், இரண்டு வருஷமாக வழவழவென்று இருக்கிறது, வெள்ளைதான் போட வேண்டும் என்பது சும்மா என்று எழுதியிருக்கிறார். கேட்டுப் பார்த்தால் அவர் ஓட்டு வீட்டுக் கூரை மழையை முழுக்கத் தொட்டியில் பிடித்து அதில்தான் ஈடுகட்டுகிறார். அப்படியென்றால் நீலம் போடுங்கள், எந்த நிறமும் போடுங்கள். என் பேச்சு போரை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு.

ஜூன் 14

மழை வந்துவிட்டது, சித்தூர்ப் பக்கம் வழக்கம்போல் மற்ற இடத்தைவிடக் கம்மிதான், இருந்தாலும் மழைத் தண்ணீரில் சுண்ணாம்பு கிடையாது. 100 சதுர மீட்டர் கூரையில் 25 மி.மீ. பெய்தால் 2,500 லிட்டர். முதல் மழையின் தூசித் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, மீதியை ஒரு வலை வடிகட்டி வழியாகக் குளத்துக்கே திருப்புங்கள். குளம் நிரம்பி வழிந்தால் வழியட்டும், வழிகிறது பழைய உப்புத்தண்ணி.

மேஸ்திரி மறுபடி வந்து, மழையில் இறைத்துவிட்டால் நிரப்பத் தண்ணீர்ச் செலவு இல்லை, இப்போது ஆசிட் அடிக்கலாம் என்றாராம். மனிதர் விடமாட்டேன் என்கிறார். மழைக்காலத்தில் காலி செய்யவே செய்யாதீர்கள். நிலத்தடி நீர் மேலே இருக்கும்போது உள்ளே கனம் இல்லாவிட்டால் கீழே இருந்து அழுத்தும், பூச்சு கழன்று வரும், மோசமானால் குளமே தூக்கிக்கொள்ளும்.

ஜூலை 27

படியும் ஆழமில்லாத பக்கமும் வழவழப்பாகிவிட்டது, ஆழத்தில் மட்டும் இன்னும் இருக்கிறது, சரியா? அங்கே தண்ணீர் ஓட்டம் குறைவு, பிரஷ்ஷும் அங்கே எட்டியிருக்காது. தண்ணீர் வரும் வாய் ஒன்றைக் கீழ்நோக்கித் திருப்புங்கள், நீளக் கோல் வாங்குங்கள். நீலம் முழுக்கத் திரும்பி வரும் என்று நான் சொல்லவில்லை. படிவு போன இடத்தில் லேசாக வெளுத்துத்தான் இருக்கும். வீட்டம்மா கேட்டார் என்று எழுதியிருந்தீர்கள், இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கைக்கு வழவழப்பு வந்துவிட்ட பிறகு குறியீட்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். பிஎச் 7.4, 7.5 போதும். அதற்கு மேல் கரைக்க வேண்டாம்.

ஆகஸ்ட் 10

சால்ட் குளோரினேட்டர் (உப்புப் போட்ட குளத்துத் தண்ணீரில் மின்சாரம் விட்டுக் குளோரின் உண்டாக்கும் கருவி) மாட்டலாமா என்று கேள்வி. பூச்சுக்கு ஆறு மாதம் ஆகிவிட்டது, அந்த வகையில் தடை இல்லை. டிசிசிஏவை நிறுத்தினால் சயனூரிக் ஏறுவதும் நிற்கும், மார்ச்சில் 'வேறு பேச்சு' என்றேனே, அது இதுதான். ஆனால் அதன் செல்லுக்குள், அதாவது மின்தகடுகள் இருக்கும் பாகத்துக்குள், குளோரின் உண்டாகும்போது தகட்டுக்குப் பக்கத்தில் பிஎச் எகிறும், உங்கள் ஊர்த் தண்ணீரில் சுவரில் படியாதது முதலில் அங்கே படியும். செதில் செதிலாக உடைந்து வந்து குளத்துத் தரையில் வெள்ளைத் துணுக்காகக் கிடக்கும், பார்த்துவிட்டு மறுபடி பூச்சு உரிகிறது என்று எனக்கு எழுதாதீர்கள்.

வாங்கினால் மின்திசையைத் தானாக மாற்றிப் படிவை உதிர்க்கிற வகை வாங்குங்கள், செல் உடல் கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிறதாக இருக்கட்டும். மோட்டார் ரூம் பக்கம் போகும்போதெல்லாம் தகடுகளுக்கு நடுவே ஒரு பார்வை. வெள்ளை தெரிந்தால் முதலில் பிஎச் பாருங்கள், செல்லைக் கழற்றுவது அப்புறம்.